இடுப்பு எலும்பு முறிந்த பாட்டி 22 படி ஏறினார்! ஆபரேஷன் முடிந்ததும் வீட்டுக்கு ஓடாதீங்க

சென்னை:

வியாசர்பாடியில் பூ விற்று பிழைக்கும் 67 வயது பாட்டி அவர். ஹவுசிங் போர்டு குடியிருப்பில் முதல் மாடி. விடியற்காலை பூ வாங்க பாரிமுனை பக்கம் கிளம்புவதற்கு முன்னால் 2 குடம் தண்ணீர் பிடித்து வைத்துவிடுவது வழக்கம். அன்றும் அப்படித்தான் அடிபம்புக்குப் போனார். கீழே பாசி. (தேய்த்து எத்தனை மாதம் ஆனதோ!) கால் வழுக்கியது. குடத்தோடு பக்கவாட்டில் சாய்ந்தார்.

ஓடி வந்தவர்கள் தூக்கி உட்கார வைத்தார்கள். "ஒண்ணும் இல்ல, சுளுக்குதான்" என்று பக்கத்து வீட்டு அம்மா எண்ணெய் தேய்த்து உருவி விட்டார். இன்னொருவர் கட்டுப் போடும் வைத்தியரிடம் கூட்டிப் போகச் சொன்னார். இப்படியே ஒன்றரை நாள் போனது. பாட்டியால் காலைத் தூக்கவே முடியவில்லை. விழுந்த பக்கத்துக் கால் கொஞ்சம் குட்டையாகி, பாதம் வெளிப்பக்கமாக திரும்பிக் கிடந்தது. அதைப் பார்த்த பிறகுதான் மகள் 108-க்கு போன் போட்டார்.

எக்ஸ்ரேயில் தெரிந்துவிட்டது. தொடை எலும்பின் கழுத்து முறிந்திருந்தது. இதைத்தான் நம் ஜனங்கள் 'இடுப்பு எலும்பு முறிவு' என்கிறார்கள்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். வயசானவர்கள் விழுந்த பிறகு ஒரு கால் குட்டையாகி பாதம் வெளியே திரும்பி இருந்தால் அது சுளுக்கு அல்ல. உருவுவது, இழுப்பது, நடக்க வைத்துப் பார்ப்பது எல்லாம் வேண்டாம். படுத்த நிலையிலேயே ஆஸ்பத்திரிக்கு கொண்டு போக வேண்டும். 2 நாளைக்குள் ஆபரேஷன் நடந்துவிட்டால் நல்லது என்பது உலகம் முழுக்க டாக்டர்கள் ஒத்துக்கொண்ட கணக்கு.

படுத்தால் ஆபத்து

கை முறிந்தால் மாவுக்கட்டு போட்டுக்கொண்டு வேலைக்குப் போகிறவர்கள் உண்டு. இடுப்பு முறிவு அப்படி இல்லை. ஆள் படுத்துவிடுகிறார். படுத்த ஆளுக்கு முதுகில் புண் வருகிறது. நெஞ்சில் சளி கட்டி நிமோனியா ஆகிறது. கால் ரத்தக் குழாயில் ரத்தம் உறைந்து, அந்தக் கட்டி நுரையீரலுக்குப் போய் அடைத்துக் கொள்கிறது. சிறுநீரில் கிருமி சேருகிறது. கால் தசை நாளுக்கு நாள் கரைகிறது.

முதியோரில் இடுப்பு எலும்பு முறிந்தவர்களில் 5-ல் ஒருவர், சில இடங்களில் 4-ல் ஒருவர், ஒரு வருஷத்துக்குள் இறந்து போகிறார்கள் என்று பல நாட்டு ஆய்வுகள் சொல்கின்றன. "கீழ விழுந்தாரு, அப்புறம் எழுந்திரிக்கவே இல்ல" என்று தெருவுக்குத் தெரு கேட்கிற கதைதான் இது. எலும்பு முறிந்ததோடு சேர்ந்து படுக்கையும் ஆளைக் கொல்கிறது.

பாட்டிக்கு சர்க்கரை ஏறிக் கிடந்தது. அதை இறக்கி, முதுகில் ஊசி போட்டு மரத்துப்போக வைத்து ஆபரேஷன் செய்தார்கள். உடைந்த உருண்டையை எடுத்துவிட்டு உலோக உருண்டையை வைத்தார்கள். முறிவு கொஞ்சம் கீழே இருந்தால் உருண்டை மாற்ற மாட்டார்கள். கம்பி, ஸ்க்ரூ போட்டு எலும்பை இணைப்பார்கள். எந்த முறிவுக்கு எது என்பதை எக்ஸ்ரே பார்த்து டாக்டர்தான் முடிவு செய்வார்.

முதல்வர் காப்பீட்டு திட்ட அட்டை இருந்தால் இந்த உருண்டை, கம்பி செலவெல்லாம் அதில் போகும். ஆண்டு வருமானம் ரூ.1 லட்சத்து 20 ஆயிரத்துக்குள் உள்ள குடும்பங்களுக்கு இந்த அட்டை கிடைக்கும். ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு ரூ.5 லட்சம் வரை வரம்பு. அட்டை இல்லாதவர்கள் ரேஷன் கார்டு, ஆதார், வருமான சான்றிதழோடு போய் விண்ணப்பிக்கலாம். ஆள் படுத்த பிறகு அலைவதைவிட முன்பே எடுத்து வைப்பது நல்லது.

செத்துப்போன கணவரோடு பேச்சு

ஆபரேஷன் முடிந்த அன்று ராத்திரி ஒரு கூத்து நடந்தது. பாட்டி திடீரென்று எழுந்து உட்காரப் பார்த்தார். 11 வருஷத்துக்கு முன்னால் இறந்துபோன கணவரைக் கூப்பிட்டு, "பூ வாடுது, தண்ணி தெளிய்யா" என்றார். மகளையே யார் என்று கேட்டார். பக்கத்து பெட்காரர்கள் மிரண்டு போனார்கள். "ஆஸ்பத்திரியில ஏதோ காத்து கருப்பு அண்டிடுச்சு, மந்திரிச்சு கயிறு கட்டுங்க" என்று யோசனை வேறு.

இது காத்தும் இல்லை, கருப்பும் இல்லை. பெரிய அடி, ஆபரேஷன், வலி, தூக்கமின்மை, உடம்பில் நீர் குறைவது, சிறுநீரில் கிருமி இவையெல்லாம் சேர்ந்தால் வயசானவர்களுக்கு புத்தி தற்காலிகமாகக் குழம்பும். பகலில் நன்றாகப் பேசுவார்கள், இருட்டினால் உளறுவார்கள். பெரும்பாலும் சில நாளில் தெளிந்துவிடும். ஆனால் நர்சிடம் உடனே சொல்ல வேண்டும். காரணத்தைத் தேடிப் பிடித்து வைத்தியம் செய்ய வேண்டிய விஷயம் இது. வீட்டு ஆள் ஒருவர் பக்கத்தில் இருந்து பெயர் சொல்லிப் பேசுவது, கண்ணாடியை மாட்டி விடுவது, பகலில் வெளிச்சம் படும்படி உட்கார வைப்பது எல்லாம் மருந்து மாதிரி வேலை செய்யும்.

பாட்டிக்கு 3-வது நாள் தெளிந்துவிட்டது. முதல் கேள்வியே, "கூடை எங்க?"

வீட்டுக்கா, வார்டுக்கா?

காயம் ஆற ஆரம்பித்ததும் டாக்டர்கள் கேட்டார்கள். வீட்டுக்குப் போகிறீர்களா, மறுவாழ்வு வார்டில் சில வாரம் தங்கி நடைப் பயிற்சி எடுத்துக்கொண்டு போகிறீர்களா?

வீட்டில் சண்டையே வந்துவிட்டது. "ஆபரேஷன்தான் முடிஞ்சுதே, இனிமே என்ன? வீட்ல கஞ்சி குடுத்து பார்த்துக்கலாம்" என்றார் ஆட்டோ ஓட்டும் மகன். மகள் ஒரு தையல் கம்பெனியில் வேலை பார்க்கிறார். ஒருநாள் போகாவிட்டால் ஒருநாள் சம்பளம் போச்சு. ஏற்கனவே 9 நாள் போயிருந்தது. இன்னும் 3 வாரம் என்றால் வேலையே இருக்குமா தெரியாது. ஆனாலும் மகள்தான் கணக்கைப் போட்டுக் காட்டினார். "இப்பவே தூக்கிட்டு போனா, அம்மாவ மாடிக்கு நாலு பேரு சேர்ந்து தூக்கணும். அப்புறம் கீழ இறக்கறது யாரு? பாயில படுத்தா எழுப்பறது யாரு? கக்கூசுக்கு யாரு? ஆயுசுக்கும் ஒருத்தர் வீட்லயே கெடக்கணும்."

3 வார சம்பளமா, ஒரு ஆளின் ஆயுள் சம்பளமா? கணக்கு அங்கே முடிந்தது. பகலில் மகள், ராத்திரி மருமகள் என்று முறை வைத்துக் கொண்டார்கள். மகன் சவாரி முடித்து சாப்பாடு கொண்டு வந்தார்.

எல்லோருக்கும் வார்டில் தங்க வேண்டிய அவசியம் இல்லை. வீடு தரைத்தளத்தில் இருந்து, வெஸ்டர்ன் டாய்லெட் இருந்து, கூட ஆள் இருந்து, பிசியோதெரபிஸ்ட் வந்து போக வசதியும் இருந்தால் வீட்டிலேயே தேறிவிடலாம். மாடி வீடு, தனியாக இருப்பவர், சர்க்கரை, இதய நோய் என்று பல கோளாறு உள்ளவர், 2 பேர் பிடித்தால்தான் நிற்க முடிகிறது என்ற நிலையில் இருப்பவர், இவர்களுக்குத்தான் உள்நோயாளியாக இருந்து பயிற்சி எடுப்பது கை கொடுக்கிறது.

வார்டில் என்ன செய்கிறார்கள்?

"நடக்க வைப்பாங்க, வேற என்ன" என்று நினைத்தால் தப்பு. நடை கடைசியில்தான் வருகிறது.

முதலில் படுக்கையில். பாதத்தை மேலும் கீழும் ஆட்டுவது, முழங்காலை படுக்கையில் அழுத்தி தொடையை இறுக்குவது, பின்பக்கத் தசையை இறுக்கிப் பிடித்து 5 எண்ணி விடுவது. பார்க்க சின்ன வேலை. ஆனால் ரத்தம் உறையாமல் இருக்கவும், தசை கரையாமல் இருக்கவும் இதுதான் அஸ்திவாரம். மூச்சுப் பயிற்சியும் உண்டு.

அப்புறம் கட்டிலின் ஓரத்தில் காலைத் தொங்கப் போட்டு உட்காருவது. பாட்டிக்கு முதல் தடவை தலை சுற்றி கண் இருட்டியது. படுத்தே கிடந்த உடம்பில் திடீரென்று உட்கார்ந்தால் பிரஷர் இறங்கும். அதனால்தான் உட்கார்ந்து ஒரு நிமிஷம், நின்று ஒரு நிமிஷம் என்று படிப்படியாகப் போகிறார்கள்.

பிறகு வாக்கர் பிடித்து நிற்பது. இதில் ஒரு வரிசை உண்டு. முதலில் வாக்கர், அடுத்து ஆபரேஷன் செய்த கால், கடைசியில் நல்ல கால். வாக்கர் உயரமும் முக்கியம். நின்று கையைத் தொங்கப் போட்டால் மணிக்கட்டு வரும் இடத்தில் பிடி இருக்க வேண்டும். உயரமாக இருந்தால் தோள் வலிக்கும். குட்டையாக இருந்தால் குனிந்து நடந்து முன்னால் விழுவார்கள். அடியில் உள்ள ரப்பர் புஷ் தேய்ந்துபோன வாக்கர் எமன். பக்கத்து வீட்டுக்காரர் பரணில் கிடந்ததை எடுத்துக் கொடுத்தால் முதலில் அந்த ரப்பரைப் பாருங்கள்.

பாட்டி முதல் நாள் நடந்தது 4 அடி. 2-வது நாள் அதுவும் இல்லை. "வலிக்குது, என்ன விட்டுடுங்க, செத்துப் போறேன்" என்று அழுதார். அப்போதுதான் ஒரு விஷயம் வெளியே வந்தது. வலி மாத்திரையை அவர் விழுங்காமல் தலையணைக்கு அடியில் சேர்த்து வைத்திருந்தார். நிறைய மாத்திரை சாப்பிட்டால் கிட்னி கெட்டுவிடும் என்று யாரோ சொன்னார்களாம். எந்த மாத்திரை, எத்தனை என்பதை வயசு, கிட்னி எல்லாம் பார்த்துத்தான் டாக்டர் எழுதுகிறார். பயிற்சிக்கு அரை மணி, முக்கால் மணி முன்னால் அதைப் போட்டுக்கொண்டால் வலி அடங்கி கால் ஒத்துழைக்கும். மறுநாள் மாத்திரை போட்டுக்கொண்டு 20 அடி நடந்தார்.

முட்டை சாப்பிட்டால் சீழ் வருமா?

இன்னொரு தொந்தரவு சாப்பாடு. "ஆபரேஷன் பண்ணவங்களுக்கு பருப்பு குடுத்தா சீழ் கோத்துக்கும், முட்டை, மீன் ஆகாது" என்று உறவுக்காரர்கள் சொல்ல, பாட்டி வெறும் ரொட்டியும் பாலும், கஞ்சித் தண்ணியுமாக ஓட்டிக் கொண்டிருந்தார். இது முழுக்கத் தப்பு. காயம் ஆறவும், கரைந்த தசை வளரவும் வேண்டியது புரதச் சத்துதான். அது முட்டை, மீன், பருப்பு, சுண்டல், பால், வேர்க்கடலையில் இருக்கிறது. ஒரு முட்டையில் சுமார் 6 கிராம் புரதம். 50 கிலோ எடை உள்ள வயசான ஒருவருக்கு இந்த நேரத்தில் தினமும் 50 முதல் 60 கிராம் வேண்டும். கஞ்சித் தண்ணியில் அது எங்கே கிடைக்கும்? கிட்னி கோளாறு உள்ளவர்கள் மட்டும் டாக்டரைக் கேட்டு அளவோடு சாப்பிட வேண்டும். பாட்டிக்கு டயட் சொல்பவர் வந்து பேசிய பிறகு காலையில் ஒரு முட்டை, மாலையில் சுண்டல் என்று ஏற்பாடு ஆனது.

தரையில் உட்காரக் கூடாது

உருண்டை மாற்றியவர்களுக்கு சில தடைகள் உண்டு. குறைந்தது 6 வாரம், பல டாக்டர்கள் 3 மாதம் என்பார்கள். குத்த வைக்கக் கூடாது. சம்மணம் போடக் கூடாது. கால் மேல் கால் போடக் கூடாது. தாழ்வான இடத்தில் உட்காரக் கூடாது. குனிந்து தரையில் கிடப்பதை எடுக்கக் கூடாது. படுக்கும்போது 2 காலுக்கும் நடுவில் தலையணை. மீறினால் வைத்த உருண்டை குழியில் இருந்து நழுவி வெளியே வந்துவிடும். மறுபடியும் ஆபரேஷன் தியேட்டர்தான்.

சொல்வது சுலபம். ஏழை வீட்டில் எல்லாமே தரையில்தான் நடக்கிறது. படுக்கை பாய். சாப்பாடு தரையில். கக்கூஸ் குத்த வைப்பது. பூ கட்டுவதும் சம்மணம் போட்டுத்தான். இதற்காகவே வார்டில் தனி பயிற்சி இருக்கிறது. நாற்காலியில் இருந்து கையை ஊன்றி எழுவது, ஸ்டூலில் உட்கார்ந்து குளிப்பது, குனியாமல் பாவாடை மாட்டுவது என்று ஒவ்வொன்றாகச் சொல்லித் தருகிறார்கள். அடிபட்ட காலில் முதலில் மாட்ட வேண்டும், கழற்றும்போது நல்ல காலில் இருந்து. பாட்டிக்கு ஒருநாள் ஒரு முழம் நூலும் உதிரிப் பூவும் கொடுத்து நாற்காலியில் உட்கார வைத்தார்கள். அன்று வார்டில் இருந்த பெண்கள் எல்லோர் தலையிலும் பூ!

அதே நேரம் வீட்டையும் தயார் செய்யச் சொன்னார்கள். மகன் ஒரு பழைய கட்டிலை வாங்கி, கால்களுக்கு அடியில் மரக்கட்டை கொடுத்து அசையாமல் உயர்த்தினார். கக்கூஸ் மேல் வைக்கிற, நடுவில் ஓட்டை உள்ள இரும்பு ஸ்டூல் மருத்துவ சாமான் கடைகளில் கிடைக்கிறது. வாடகைக்கும் தருகிறார்கள். சுவரில் கைப்பிடி அடித்தார்கள். வழியில் கிடந்த கோணிச் சாக்கு மிதியடி குப்பைக்குப் போனது. வழுக்கி விட அதுபோல ஒரு சாமான் இல்லை. ராத்திரி எரிய ஒரு ஜீரோ வாட்ஸ் பல்பு.

22 படி

பாட்டி வீட்டுக்கு எத்தனை படி என்று பிசியோதெரபிஸ்ட் கேட்டபோது யாருக்கும் தெரியவில்லை. மகன் போய் எண்ணிவிட்டு வந்தார். 22. நடுவில் ஒரு திருப்பம். கைப்பிடி ஒரு பக்கம் மட்டும்.

அதுதான் குறி. பயிற்சி அறையில் உள்ள மரப்படி 4 தான். அதில் ஏறி இறங்கி, மறுபடி ஏறி இறங்கி எண்ணிக்கையைக் கூட்டினார்கள். இதற்கும் ஒரு சூத்திரம் இருக்கிறது. ஏறும்போது நல்ல கால் முன்னால். இறங்கும்போது அடிபட்ட கால் முன்னால். ஒரு படியில் 2 காலையும் வைத்த பிறகே அடுத்த படி. பாட்டி இதை தன் பாஷையில் மாற்றிக் கொண்டார்: "நல்லது மேல, நொண்டி கீழ."

வலியைவிட பெரிய தடை பயம். ஒருமுறை விழுந்தவருக்கு மறுபடி விழுந்துவிடுவோம் என்ற நடுக்கம் இருக்கும். அதனாலேயே நடக்காமல் இருப்பார்கள். நடக்காததால் கால் பலம் போகும். பலம் போனதால் நிஜமாகவே விழுவார்கள். இடுப்பில் பெல்ட் கட்டி ஒருவர் பின்னால் பிடித்துக் கொள்வதே இந்தப் பயத்தை உடைக்கத்தான். 18-வது நாள் பாட்டி மூச்சு வாங்க 22 படியும் ஏறி இறங்கினார். 21-வது நாள் டிஸ்சார்ஜ்.

பாட்டியின் கதை நல்லபடி முடிந்தது என்பதற்காக எல்லோருக்கும் அப்படியே ஆகும் என்று சொல்ல முடியாது. இடுப்பு முறிந்தவர்களில் ஏறத்தாழ பாதிப் பேர்தான் பழைய நடைக்குத் திரும்புகிறார்கள். மற்றவர்களுக்கு கைத்தடியோ வாக்கரோ நிரந்தரத் துணையாகிவிடுகிறது. முன்பே மறதி நோய் உள்ளவர்கள், வாதம் வந்தவர்கள் தேறுவது மெதுவாகத்தான் இருக்கும். ஆனால் கக்கூசுக்கு தானே போய் வர முடிந்தால்கூட அந்த வீட்டுக்கு அது பெரிய விடுதலை.

எங்கே கேட்பது?

சென்னை கே.கே.நகரில் அரசு புனர்வாழ்வு மருத்துவ நிலையம் இருக்கிறது. இது சென்னை மருத்துவக் கல்லூரியோடு சேர்ந்தது. கிண்டியில் 200 படுக்கையோடு தேசிய முதியோர் நல மருத்துவமனை 2024 பிப்ரவரியில் திறக்கப்பட்டது. மற்ற ஊர்களில் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிகளில் பிசியோதெரபி பிரிவு உண்டு. ஆபரேஷன் செய்த டாக்டரிடமே "நடைப் பயிற்சிக்கு எங்கே எழுதித் தருவீங்க?" என்று டிஸ்சார்ஜுக்கு முன்பே கேட்டுவிட வேண்டும். சந்தேகம் இருந்தால் 104-க்கு போன் செய்யலாம்.

வீட்டுக்கு வந்த பிறகு, 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிசியோதெரபிஸ்ட் வீட்டுக்கே வருகிறார். பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில், நகரமாக இருந்தால் நகர்ப்புற சுகாதார நிலையத்தில், பெயர் கொடுக்க வேண்டும்.

கெண்டைக்கால் வீங்கி வலித்தால், மூச்சு திணறினால், தையல் போட்ட இடத்தில் நீர் வடிந்தால், திடீரென்று கால் குட்டையாகி வலி உயிர் போனால் பயிற்சியை நிறுத்திவிட்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

இன்னொரு காலும் இருக்கிறது என்பதை மறக்கிறவர்கள் அதிகம். லேசாக விழுந்ததற்கே எலும்பு முறிகிறது என்றால் எலும்பு உள்ளே அரித்துப் போயிருக்கிறது என்று அர்த்தம். மாதவிடாய் நின்ற பெண்களுக்கு இது அதிகம். அதற்கு கால்சியம், வைட்டமின் டி மாத்திரைகளோடு எலும்பை உறுதியாக்கும் மருந்தும் இருக்கிறது. வருஷத்துக்கு ஒரு தடவை போடும் ஊசிகூட உண்டு. கண்ணில் புரை இருந்தால் ஆபரேஷன் செய்துவிட வேண்டும். தூக்க மாத்திரை, பிரஷர் மாத்திரை போட்டுக்கொண்டு ராத்திரி தடுமாறுகிறவர்கள் அதை டாக்டரிடம் சொல்ல வேண்டும். பாட்டிக்கும் இடது கண்ணில் புரை இருந்தது. அடிபம்பு பாசி அவருக்கு சரியாகத் தெரியாமல் போனதற்கு அதுவும் ஒரு காரணம்.

4 மாதம் கழித்து பாட்டி கோயில் வாசலில் பழைய இடத்தில் மறுபடி கடை போட்டார். வாக்கர் போய் கைத்தடி வந்துவிட்டது. அதை அடிபட்ட காலுக்கு எதிர்ப்பக்கக் கையில் பிடிக்கிறார். பூ வாங்கி வருவது இப்போது மகனின் ஆட்டோ. மகளுக்கு பழைய கம்பெனியில் வேலை போய்விட்டது, வேறு கம்பெனியில் சேர்ந்திருக்கிறார். சாக்கு விரித்து உட்கார்ந்த இடத்தில் உயரமான ஸ்டூல், முன்னால் ஒரு மேஜை. "கீழ உக்காந்தா முழம் போடறது தெரியாது, இப்ப எல்லாரும் அளவு பாக்கறாங்க" என்று குறைபட்டுக்கொண்டே பூவை அளக்கிறார்.